மாடிக்கு வழி இல்லை

அமெரிக்க தேசத்தில், டென்னஸி மாகாணத்தில், மெம்பிஸ் நகரின் தெற்குப் பகுதியில் கிரேஸ்லாண்ட் என்று ஒரு வீடு இருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லி என்ற பாடகர் இருபது ஆண்டுகள் வாழ்ந்த வீடு. அவர் இறந்ததும் அங்கேதான், அடக்கமாகி இருப்பதும் அங்கேதான். ஆண்டுதோறும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் அதைப் பார்க்கப் போகிறார்கள். வாசலில் நுழைந்ததும் ஒரு பக்கம் நீளமான வெள்ளை ஸோபா போட்ட கூடம். அதற்கு அப்பால் பியானோ வைத்த அறை. மறு பக்கம் சாப்பாட்டு அறை. சமையல் கட்டைப் பார்க்கலாம். நிலவறைக்கு இறங்கினால் மூன்று டெலிவிஷன் பெட்டிகள் வரிசையாக வைத்த அறையைப் பார்க்கலாம். தரையில் விரிக்கிற பச்சைக் கம்பளத்தைக் கூரையிலும் ஒட்டி வைத்த விசித்திரமான 'ஜங்கிள் ரூ'மைப் பார்க்கலாம். தோட்டத்தில் போய் அவருடைய சமாதிக்குப் பக்கத்தில் நின்று அழலாம். எல்லாவற்றையும் பார்க்கலாம், ஒன்றைத் தவிர. நடையில் எதிரே தெரிகிற மாடிப்படியில் மட்டும் கால் வைக்கக்கூடாது.

மாடியில் அவருடைய படுக்கை அறை இருக்கிறது, குளியலறை இருக்கிறது, காரியாலய அறை இருக்கிறது, குழந்தையின் அறை இருக்கிறது. 1977 ஆகஸ்டு 16-ஆம் தேதி, தமது நாற்பத்திரண்டாவது வயதில், அந்தக் குளியலறையில்தான் அவர் விழுந்து கிடந்தார். வீட்டை 1982 ஜூன் 7-ஆம் தேதி பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அன்று முதல் இன்று வரையில் மாடி திறக்கப்படவில்லை.

இதைப் பற்றி ஒரு குறை இருந்துகொண்டே இருக்கிறது. ரசிகர்களில் ஒரு சாரார் முணுமுணுக்கிறார்கள், பத்திரிகைக்காரர்களில் ஒரு சாரார் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் அவருடைய நினைவு நாளை ஒட்டி, "மாடியில் அப்படி என்னதான் மறைத்து வைத்திருக்கிறார்கள்?" என்று எழுதுகிறார்கள். "காசு வாங்கிக்கொண்டு பாதி வீட்டைக் காட்டுவது என்ன நியாயம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. "அவர் சரித்திர புருஷர், சரித்திரத்தைப் பூட்டி வைக்க யாருக்கும் பாத்தியதை இல்லை" என்று சற்று உயர்ந்த குரலில் பேசுகிறவர்களும் உண்டு.

என் கட்சியை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாடி பூட்டியே இருக்க வேண்டும். அதைத் திறக்கச் சொல்கிறவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் சரித்திரமும் இல்லை, சங்கீதமும் இல்லை. இருப்பது வெறும் எட்டிப் பார்க்கிற ஆசை. அந்த ஆசை மனிதனுக்கு இயற்கைதான். ஆனால் இயற்கையான ஆசை எல்லாம் உரிமை ஆகிவிடாது.

முதலில் டிக்கெட்டு வாதம்.

இந்த வீடு ஏன் திறக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த வாதத்தின் கால் எவ்வளவு மெலிந்தது என்று தெரியும். எல்விஸ் கோடி கோடியாகச் சம்பாதித்தார் என்று உலகம் நினைத்தது. சம்பாதித்ததும் உண்மை. ஆனால் 1973-இல் அவருடைய மானேஜர் கர்னல் பார்க்கர், அதுவரை பதிவான பாட்டுகள் எல்லாவற்றின் ராயல்டி உரிமையையும் ஆர்.ஸி.ஏ. கம்பெனிக்கு 54 லட்சம் டாலருக்கு ஒரேயடியாக விற்றுக் கொடுத்தார். அதிலும் ஏறக்குறையப் பாதியை அவரே எடுத்துக்கொண்டார். அதனால், எந்தப் பாட்டுகளுக்காக ஜனங்கள் அவரைக் கொண்டாடினார்களோ அந்தப் பாட்டுகளிலிருந்து அவருடைய மகளுக்கு வர வேண்டியது வராமல் போயிற்று. தகப்பனார் இறந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. சொத்தைப் பார்த்துக்கொண்ட தாத்தா வெர்னன் 1979-இல் காலமானார். வீட்டைப் பராமரிக்கவும் வரி கட்டவும் ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வரையில் செலவாயிற்று. வீட்டை விற்க வேண்டும், அல்லது வாசலைத் திறந்து டிக்கெட்டு போட வேண்டும் என்ற நிலை வந்தபோது, குழந்தையின் தாயார் பிரிஸில்லா இரண்டாவதைச் செய்தார்.

அதாவது, ஒரு குடும்பம் தன் கூரையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தன் கூடத்தை வாடகைக்கு விட்டது. வாடகைக்கு விட்டது கூடத்தை, வீட்டை அல்ல. மாடி கிடையாது என்று முதல் நாளே சொல்லித்தான் டிக்கெட்டு கொடுத்தார்கள். கடைக்காரன் படி அரிசிக்கு முக்கால் படி அளந்தால் சண்டை போடலாம். "முக்கால் படிதான் விற்கிறேன், அதற்கு இதுதான் விலை" என்று பலகை எழுதி வைத்தவனிடம், "மீதிக் கால் படி எங்கே?" என்று கேட்டு என்ன பயன்? இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இன்னொரு விஷயத்தையும் டிக்கெட்டு வாங்கியவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டைத் திறந்த பிறகும் எல்விஸின் அத்தை டெல்டா அந்த வீட்டிலேயே குடியிருந்தார். 1993-இல் அவர் காலமாகும் வரையில், கூடத்தில் கூட்டம் போய்க்கொண்டிருக்க, அந்தக் கிழவி உள்ளே இருந்தார். அவர் புழங்கிய சமையல் கட்டு அப்போது பார்வையாளர்களுக்கு இல்லை. அவர் இறந்த பிறகே அதைத் திறந்தார்கள். இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறதல்லவா? உயிரோடு இருக்கும் மனிதர் புழங்கும் இடத்தை விட்டுவிட்டு மற்றதைக் காட்டினார்கள். மனிதர் போன பிறகு, காட்டலாம் என்று தோன்றியதைக் காட்டினார்கள். எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்பதை வீட்டுக்காரர்கள் முடிவு செய்தார்கள். வீடு என்பதற்கு இதைத் தவிர வேறு என்ன பொருள் இருக்கிறது?

அடுத்தது சரித்திர வாதம். இதைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டும். ஏனென்றால் சரித்திரம் என்ற சொல்லுக்கு மரியாதை உண்டு. கிரேஸ்லாண்ட் 2006-இல் அமெரிக்க அரசாங்கத்தால் தேசியச் சரித்திரச் சின்னம் என்று அறிவிக்கப்பட்ட வீடு என்பதும் உண்மை.

ஆனால் மாடியைத் திறந்தால் எந்தச் சரித்திரக் கேள்விக்கு விடை கிடைக்கும்? சொல்லட்டும். எல்விஸ் எப்படி இறந்தார் என்பது ஒரு கேள்வி. நியாயமான கேள்விதான். ஒரு மனிதனுக்கு எட்டே மாதங்களில் 10,000-க்கு மேற்பட்ட டோஸ் மருந்துகளை எழுதிக் கொடுத்தார் ஒரு டாக்டர் என்றால், அது ஊருக்கே பொதுவான விஷயம். அதை விசாரித்தார்கள். டென்னஸி மருத்துவ சபை 1980-இல் அந்த டாக்டரின் தொழில் உரிமத்தை மூன்று மாதங்களுக்கு நிறுத்தி வைத்தது. 1981-இல் கோர்ட்டில் வழக்கு நடந்தது. ஜூரிகள் அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தார்கள். 1995-இல் அவருடைய உரிமம் அடியோடு பறிக்கப்பட்டது. சரி, தவறு என்று இதில் யார் எந்தப் பக்கம் பேசினாலும், பேசுவதற்கு வேண்டிய சாட்சியமும் கணக்கும் மருந்துச் சீட்டுகளும் பகிரங்கமாக வந்தன. இதற்கெல்லாம் அந்தக் குளியலறையின் கதவை ஜனக்கூட்டத்துக்குத் திறந்துவிட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. தரையில் பதித்த ஓடுகள் சாட்சி சொல்லப் போவதில்லை.

பணம் எங்கே போயிற்று என்பது இன்னொரு கேள்வி. அதுவும் நியாயமான கேள்வி. 1980-இல் மெம்பிஸ் கோர்ட்டு, மைனர் பெண்ணின் நலனைக் கவனிக்க ஒரு வக்கீலை நியமித்தது. அவர் கணக்குகளைப் புரட்டிப் பார்த்து, மானேஜர் பாதிக்குப் பாதி எடுத்துக்கொண்டது அநியாயம் என்று அறிக்கை கொடுத்தார். மானேஜரோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. 1983-இல் விவகாரம் சமரசத்தில் முடிந்தது. இது ஒரு பூட்டிய அறை. இதைத் திறந்தது நியாயம். ஒரு குழந்தைக்குச் சேர வேண்டியது அந்த அறைக்குள் மறைந்து கிடந்தது.

திறக்க வேண்டிய அறை இன்னும் ஒன்று உண்டு. 1954 ஜூலை 5-ஆம் தேதி இரவு, மெம்பிஸில் ஸன் ஸ்டூடியோவில், எல்விஸ் பாடிப் புகழின் முதல் படியில் ஏறினாரே, அந்தப் பாட்டு அவருடையது அல்ல. ஆர்தர் கிரூடப் என்ற கறுப்பு இனப் பாடகர் 1946-இலேயே எழுதிப் பாடிப் பதிவு செய்தது. அந்தக் கிரூடப் கூலி வேலை செய்து பிழைத்தார். தம் பாட்டுகளுக்குச் சேர வேண்டிய ராயல்டிக்காக ஆண்டுக் கணக்கில் அலைந்தார். 1974-இல் இறக்கும் வரையில் அது அவர் கைக்கு நியாயமாக வந்து சேரவில்லை. அமெரிக்க சங்கீத வியாபாரத்தில் இப்படி ஏமாந்தவர்களின் பெயர்கள் ஒன்று இரண்டு அல்ல. சரித்திரத்தின் மேல் உண்மையான பசி உள்ளவர்கள் அந்தக் கணக்குப் புத்தகங்களைக் கேட்கட்டும். எந்தக் கம்பெனி யாருக்கு எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு கொடுக்காமல் விட்டது என்று கேட்கட்டும். நான் அவர்களோடு கூட நின்று கதவைத் தட்டத் தயார்.

ஆனால் யாரும் அங்கே கூட்டம் கூட்டமாகப் போவதில்லை. கிரூடப்பின் கணக்கைப் பார்க்க டிக்கெட்டு வாங்குகிறவன் இல்லை. எல்விஸின் குளியலறையைப் பார்க்கத்தான் ஆள் இருக்கிறது. இந்த ஒன்றிலிருந்தே கேட்பது சரித்திரத்தையா, வேறு எதையா என்று தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது வாதம்தான் கெட்டியானது. அதைத் தட்டிக் கழிக்க முடியாது. "இந்தக் குடும்பம் எதை விற்காமல் விட்டது? வீட்டுக்கு எதிரே கடை. கடையில் அவர் முகம் போட்ட பீங்கான் கோப்பை, அவர் முகம் போட்ட சட்டை, சாவி வளையம். சமாதியைக்கூடக் கூட்டத்தின் வழியிலேயே வைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் விற்றவர்களுக்கு மாடி ஒன்றின் மேல் மட்டும் என்ன பக்தி? மாடி மூடியிருப்பதே வியாபார தந்திரம். மூடிய கதவு இருந்தால்தானே ஜனங்கள் பேசுவார்கள், மறுபடியும் வருவார்கள்?"

இதில் உண்மை இல்லாமல் இல்லை. மூடிய கதவு வியாபாரத்துக்கு உதவுகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். திறந்து காட்டினால் ஒரு வருஷத்தில் சலித்துப் போகும். மூடி வைத்தால் ஐம்பது வருஷம் பேச்சு நிற்காது. எதிர்வரிசைக் கடைகள் எனக்கும் சந்தோஷம் தருகிற காட்சி அல்ல.

ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். "நீ நிறைய விற்றுவிட்டாய், ஆகையால் மீதியையும் விற்றே ஆக வேண்டும்" என்கிறது. இது எந்த ஊர் தர்மம்? கஷ்டம் வந்து கழுத்து நகையை விற்றவளிடம், "காதில் தோடு மட்டும் எதற்கு? அதையும் கொடு" என்று கேட்கிறவனை நாம் என்னவென்று அழைப்போம்? விற்றதற்கு அவளிடம் காரணம் இருந்தது. விற்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

நடந்ததையே எடுத்துக்கொள்வோம். மகள் லிஸா மேரி 2005-இல் தகப்பனாரின் பெயர், முகம் இவற்றை வைத்து வியாபாரம் செய்கிற உரிமைகளை உடைய கம்பெனியில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை விற்றுவிட்டார். வீட்டை விற்கவில்லை. வீட்டையும் தகப்பனார் புழங்கிய சாமான்களையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். எல்விஸின் முகத்துக்கு யார் யாரோ சொந்தக்காரர்கள் ஆனார்கள். அந்த மாடிக்கு மட்டும் மகள் சொந்தக்காரியாக இருந்தாள். அந்த மாடியில்தான் ஒன்பது வயதுப் பெண்ணாக அவள் தகப்பனை இழந்தாள். அன்று அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். 2023-இல் அவளும் காலமாகி, அதே தோட்டத்தில் அடக்கமானாள். இன்று வீடு பேத்தியின் பொறுப்பில் இருக்கிறது. வியாபார தந்திரம் என்கிறார்களே, தந்திரத்துக்கு மட்டுமானால் இவ்வளவு காலமும் மூடி வைத்திருக்க வேண்டாம். ஒரு மாதம் மட்டும் திறந்து, ஒரு டிக்கெட்டு ஆயிரம் டாலர் என்று விளம்பரம் செய்திருந்தால், உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் வரிசை நின்றிருக்கும். இது அந்த நிர்வாகத்துக்குத் தெரியாத கணக்கா? தெரிந்தும் செய்யவில்லை. அந்த மட்டும் அதை மதிக்க வேண்டும்.

மூடுவதற்குக் காரணம் வெறும் பக்தி அல்ல, அனுபவம். எல்விஸ் இறந்த சில நாட்களுக்குள், பெட்டியில் கிடந்த அவருடைய உடலைப் படம் பிடித்து ஓர் அமெரிக்கப் பத்திரிகை முகப்பில் போட்டது. அந்தப் படம் ஏராளமாக விற்றது. அதே ஆகஸ்டு மாதத்தில், ஊர்ப் பொது மயானத்தில் வைத்திருந்த உடலைத் திருட வந்தார்கள் என்று சிலரைப் போலீஸார் பிடித்தார்கள். வழக்கு உருப்படியாக நிற்கவில்லை என்றாலும் குடும்பம் பயந்துபோயிற்று. அக்டோபர் 2-ஆம் தேதி எல்விஸின் உடலையும், 1958-இல் இறந்த தாயார் கிளாடிஸின் உடலையும் எடுத்துவந்து வீட்டுத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பிணத்துக்கே மதில் சுவர் தேவைப்பட்டது. 2024-இல் என்ன நடந்தது? லிஸா மேரி 38 லட்சம் டாலர் கடன் வாங்கினாள் என்று பொய்ப் பத்திரம் தயாரித்து, வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஏலத்துக்கு முதல் நாள் மெம்பிஸ் கோர்ட்டு தடுத்தது. பத்திரம் மோசடி என்று தெரிந்தது; குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு 2025-இல் தண்டனையும் கிடைத்தது. அந்த ஏலம் நடந்திருந்தால் மாடிச் சாவி யார் கைக்குப் போயிருக்கும்? வாங்கியவன் முதல் காரியமாக எதைத் திறந்திருப்பான்? இதை யோசித்தால், சாவியை ஒரு குடும்பம் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை.

நாலாவதாக, "மற்ற வித்வான்களின் வீடுகளில் காட்டுகிறார்களே" என்று கேட்கலாம். காட்டத்தான் செய்கிறார்கள். நியூயார்க்கில், குயீன்ஸ் பகுதியில், லூயி ஆம்ஸ்ட்ராங் 1943 முதல் வாழ்ந்த வீடு 2003-லிருந்து பொதுஜனங்களுக்குத் திறந்திருக்கிறது. 1971-இல் அவர் இறந்ததும் அந்த வீட்டில்தான். அங்கே படுக்கை அறையைக் காட்டுகிறார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த குளியலறையைக்கூடக் காட்டுகிறார்கள். யாருக்கும் அது கூச்சமாக இல்லை. ஏன்? ஆம்ஸ்ட்ராங்கின் சுபாவம் அது. வீட்டில் பேசியது, சிரித்தது, சண்டை போட்டது எல்லாவற்றையும் அவரே டேப்பில் பதிவு செய்து, சுமார் 650 டேப்புகளைத் தம் கையால் படம் வெட்டி ஒட்டிய பெட்டிகளில் போட்டு வைத்தார். பின்னால் வருகிறவர்கள் கேட்கட்டும் என்று வைத்துவிட்டுப் போன மனிதர். வீட்டை நியூயார்க் நகரத்துக்கு எழுதி வைத்தது அவருடைய மனைவி லூஸில். அங்கே கதவைத் திறந்தது ஜனங்கள் அல்ல, வீட்டுக்காரர்கள். லண்டனில் ஹாண்டெல் 1723 முதல் வாழ்ந்து, 1759-இல் இறந்த வீட்டிலும் படுக்கை அறையைப் பார்க்கலாம். அவருக்காகக் கண் கலங்கக்கூடிய மகளோ பேத்தியோ இன்று பூமியில் இல்லை. காலம் அங்கே கதவைத் திறந்தது. கிரேஸ்லாண்டிலும் ஒரு காலத்தில் அப்படித் திறக்கலாம். அந்த நாளைக் குறிக்க வேண்டியது வீட்டுக்காரர்கள். வாசலில் நிற்கிற கூட்டம் அல்ல.

எல்விஸின் இஷ்டம் என்னவாக இருந்தது? அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அவர் உயிரோடு இருந்தபோதே மாடி விருந்தாளிகளுக்கு இல்லை. கூப்பிட்டவர் மட்டும் போகலாம். மற்றவர்கள் கீழே காத்திருப்பார்கள். அவர் இறங்கி வந்து அவர்களைப் பார்ப்பார். இன்று அங்கே நடப்பது அவர் போட்ட விதிதான்.

அந்த விதியை அவர் ஏன் போட்டார் என்று தெரிந்துகொள்ள அவருடைய பால்யத்தைப் பார்க்க வேண்டும். 1935-இல் மிஸிஸிப்பி மாகாணத்தில் டூபெலோ என்ற சிற்றூரில் அவர் பிறந்த வீடு இரண்டே அறைகள் கொண்டது. முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரிகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய மர வீடு. அந்த வீட்டையும் இன்று ஜனங்கள் பார்க்கிறார்கள். அங்கே எந்த அறையும் மூடியில்லை. மூடுவதற்கு அறை இல்லை. பிறகு 1948-இல் பிழைப்புத் தேடி மெம்பிஸுக்கு வந்தபோது, தாய் தகப்பன் மகன் மூவரும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். குளியலறை மற்றக் குடித்தனங்களோடு பொது. அதற்கப்புறம் ஏழைகளுக்காக அரசாங்கம் கட்டிய வாடகைக் குடியிருப்பு. ஏழையின் வீட்டில் அந்தரங்கம் என்பது கிடையாது. அழுதாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்; கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காருவது என்பது பணக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கிற வசதி.

1956-இல் கையில் பணம் வந்தவுடன் மெம்பிஸில் ஒரு நல்ல தெருவில் வீடு வாங்கினார். ரசிகர்கள் புல்வெளியை மிதித்துக்கொண்டு ஜன்னல் வரையில் வந்தார்கள். அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். ஆகவே 1957-இல், தமது இருபத்திரண்டாவது வயதில், 1,02,500 டாலர் கொடுத்து, ஊருக்கு வெளியே, சுற்றிலும் நிலம் உள்ள கிரேஸ்லாண்டை வாங்கினார். சுவர் எழுப்பினார், இரும்புக் கதவு போட்டார். கிரேஸ்லாண்டை அவர் வாங்கியதே ஒரு கதவைச் சாத்திக்கொள்ளத்தான். அந்த மாடிதான் அவர் வாழ்க்கையில், ஒருவரும் தட்டாமல் உட்கார்ந்திருக்கக் கிடைத்த முதல் இடம். கடைசி இடமும் அதுதான். பாடிச் சம்பாதித்த அத்தனை பணத்திலும் அவர் தமக்கென்று உண்மையில் வாங்கிக்கொண்டது அந்த ஒரு கதவை. கார்களை வாங்கி வாங்கிப் பிறருக்குக் கொடுத்தவர் அவர். இந்தக் கதவை யாருக்கும் கொடுக்கவில்லை. செத்துப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக அதை நாம் பிடுங்கிக்கொள்ளலாமா?

கதை எழுதிப் பிழைக்கிற நீ இந்தக் கட்சியில் நிற்கலாமா என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். நாவலாசிரியனுடைய தொழிலே மூடிய அறைகளுக்குள் நுழைந்து, படுக்கையில் கிடப்பவனின் மனசைப் பார்த்துச் சொல்வதுதானே என்பார். வாஸ்தவம். ஆனால் நாவலாசிரியன் ஒரு மனிதனை முதலில் தானே படைத்துவிட்டுப் பிறகு அவன் அறைக்குள் நுழைகிறான். படைத்தவன் நுழையலாம். பிறத்தியார் பெற்று வளர்த்த பிள்ளையின் அறைக்குள் நுழைய வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும். கற்பனை என்று ஒன்று மனிதனுக்கு ஏற்பட்டிருப்பதே, போகக்கூடாத இடங்களுக்குக் கால்களால் போகாமல் இருப்பதற்குத்தான். கற்பனை வற்றிப் போனவனுக்குத்தான் கட்டிலைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்ற தவிப்பு வருகிறது. பார்த்துவிட்டு என்ன சொல்வான்? "இவ்வளவுதானா?" என்பான். இந்தச் சொல்லைக் கேட்பதற்காகவா ஒரு குடும்பம் தன் துக்கத்தை ஜனங்கள் வரிசையில் நின்று பார்க்கும் காட்சியாக வைக்க வேண்டும்?

ரசிகன் என்ற பதவிக்கு ஒரு யோக்கியதை வேண்டும். பாடகன் தன் குரலைக் கொடுக்கிறான். நாம் காதையும் கொஞ்சம் காசையும் கொடுக்கிறோம். அத்தோடு கணக்குத் தீர்ந்தது. இதற்குமேல் ஒருவருக்கொருவர் அன்பு இருக்கலாம், பாக்கி கிடையாது. "உன்னை நேசிக்கிறேன், ஆகையால் உன் படுக்கை அறையைக் காட்டு" என்பது நேசம் அல்ல, வசூல்.

1976-இல், இறப்பதற்கு முந்திய ஆண்டு, ஸ்டூடியோவுக்குப் போகவும் மனம் இல்லாமல் எல்விஸ் வீட்டிலேயே அடைந்து கிடந்தார். ஆர்.ஸி.ஏ. கம்பெனி ஒலிப்பதிவு சாதனங்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிரேஸ்லாண்டுக்கே வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியிலும் அக்டோபரிலும், கூரையில் கம்பளம் ஒட்டிய அந்த ஜங்கிள் ரூமில் வாத்தியக்காரர்கள் உட்கார, எல்விஸ் மாடியிலிருந்து இறங்கி வந்து பாடினார். ஸ்டூடியோவில் அவர் பாடியதாக நமக்குக் கிடைத்திருக்கும் பாட்டுகளில் கடைசியானவை அவை. உடம்பு கெட்டு, மனசு ஒடிந்து, மாடியை விட்டு வரவே தோன்றாத நிலையிலும், நமக்குக் கொடுக்க வேண்டியதை அவர் கீழே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அந்த அறை திறந்திருக்கிறது. பாட்டுகளும் எங்கும் கிடைக்கின்றன.

அவற்றைக் கேட்டு முடித்தவர்கள் எவ்வளவு பேர் என்று தெரிந்த பிறகு, மாடியைப் பற்றிப் பேசலாம்.